எழுத்துகளுக்கு இடையே: கணினி அச்சில் தானியங்கி இடைவெளியின் வெற்றியும் எல்லையும்

பக்க வடிவமைப்பு மென்பொருள்களில் எழுத்திடைவெளியைத் தானாகவே சரிசெய்யும் வசதி இன்று சாதாரணம். அடோபி நிறுவனத்தின் இன்டிசைனில் அது இரண்டு வகையாகக் கிடைக்கிறது. 'மெட்ரிக்ஸ்' என்பதைத் தேர்ந்தால், எழுத்துருவை வரைந்தவர் கோப்புக்குள் பதிந்துவைத்த அளவுகளை மென்பொருள் அப்படியே பின்பற்றும். 'ஆப்டிகல்' என்பதைத் தேர்ந்தால், அந்த அளவுகளை ஒதுக்கிவிட்டு, அடுத்தடுத்து நிற்கும் இரண்டு எழுத்துகளின் வடிவத்தைத் தானே ஆராய்ந்து இடைவெளியை முடிவு செய்யும். பார்வைக்குச் சிறிய இந்தத் தேர்வுக்குப் பின்னால் அச்சுத்தொழிலின் பழைய கேள்வி ஒன்று நிற்கிறது. எழுத்துகளுக்கு நடுவில் விட வேண்டிய வெற்றிடத்தை அளந்து சொல்லிவிட முடியுமா, பார்த்துத்தான் தீர்மானிக்க வேண்டுமா? கடந்த அரை நூற்றாண்டில் கணினி அச்சு வந்த வழியைத் தொகுத்துப் பார்த்தால் ஒரு முடிவு தெளிவாகிறது. வடிவமைத்தவரின் தீர்ப்பைச் சலிக்காமல் நிறைவேற்றும் வேலையில் இயந்திரம் வென்றிருக்கிறது. அந்தத் தீர்ப்பின் இடத்தில் தன் கணக்கை வைக்க முயன்றபோதெல்லாம் தடுமாறியிருக்கிறது. ஒரே வரைபடம் எல்லா அளவுக்கும் போதும் என்ற எண்ணமே அந்தத் தடுமாற்றத்தின் வேர். தமிழ் அச்சிலும் அதன் விளைவை அன்றாடம் பார்க்கிறோம்.

ஈய எழுத்துக் காலத்தில் இந்தக் கேள்விக்கு உலோகமே விடை வைத்திருந்தது. ஒவ்வோர் எழுத்தும் ஓர் ஈயக் கட்டையின் தலையில் நின்றது. கட்டையின் அகலமே அந்த எழுத்துக்கு உரிய இடம். வார்த்தவர் அந்த அகலத்தை முடிவு செய்துவிட்டால், அச்சுக்கோப்பவரால் நடுவில் மெல்லிய தகடு செருகி இடைவெளியைக் கூட்டத்தான் முடியும். குறைக்க வேண்டுமானால் ஈயத்தை அராவ வேண்டும். அந்தக் கட்டுப்பாட்டோடு பெரிய நன்மையும் சேர்ந்தே வந்தது. ஒவ்வோர் அளவுக்கும் எழுத்து தனியாக வெட்டப்பட்டதால், 6 பாயின்ட் எழுத்து சற்று அகன்று, கோடு தடித்து, இடைவெளி தளர்ந்து இருந்தது. 36 பாயின்ட் எழுத்து மெலிந்து நெருங்கி நின்றது. சிறிய எழுத்தைப் பிரித்தறியக் கண்ணுக்குக் கூடுதல் வெள்ளை தேவை என்பது அந்தக் கைவினைஞர்களின் அனுபவ அறிவு. தமிழிலும் அளவு மாறியபோது எழுத்து புதிதாகவே செய்யப்பட்டது. ஜெர்மனியின் ஹாலே நகரில் வார்க்கப்பட்டு 1713இல் தரங்கம்பாடிக்கு வந்த தமிழ் எழுத்துகள் அளவில் பெரியவை. அவை காகிதத்தை விழுங்கியதால் தரங்கம்பாடி மிஷனரிகள் உள்ளூரிலேயே சிறிய எழுத்துகளை வார்த்துக்கொண்டார்கள். 19ஆம் நூற்றாண்டில் சென்னை அமெரிக்கன் மிஷன் அச்சகத்தை நடத்திய பி. ஆர். ஹன்ட் சிறிய, தெளிவான தமிழ் எழுத்துகளை உருவாக்கினார். 1862இல் வெளிவந்த வின்சுலோவின் தமிழ்–ஆங்கில அகராதி அந்த அச்சகத்தின் வேலை.

ஓர் எழுத்தின் வடிவம் அதன் அளவிலிருந்து பிரியத் தொடங்கியது 1885இல். அந்த ஆண்டில் அமெரிக்கரான லின் பாய்டு பென்டன் காப்புரிமை பெற்ற பென்டோகிராஃப் இயந்திரம், பெரிதாக வரைந்த ஒரே மாதிரியிலிருந்து பல அளவுகளில் பஞ்ச் எனப்படும் எழுத்து முத்திரையை வெட்ட வழி செய்தது. ஆயினும் அளவுக்கேற்ப விகிதத்தைத் திருத்தும் ஏற்பாடு அந்த இயந்திரத்திலேயே இருந்தது. அடுத்து வந்த மோனோடைப் முறை, எழுத்தகலத்தை 18 அலகுகளாகப் பகுத்து, இந்த எழுத்துக்கு இத்தனை அலகு என்று குறித்தது. இடைவெளி எண்ணாக மாறிவிட்டது. 1950களிலிருந்து பரவிய ஒளி அச்சுக்கோப்பு ஈயக் கட்டையையே இல்லாமல் ஆக்கியது. படச்சுருளில் உள்ள ஒரு மாதிரியை லென்ஸ் கொண்டு வேண்டிய அளவுக்குப் பெருக்கலாம், எழுத்துகளை விருப்பம்போல் நெருக்கலாம். 1970களின் அமெரிக்க விளம்பரங்களில் எழுத்தோடு எழுத்து உரசி நிற்பது இந்தப் புதிய சுதந்திரத்தின் விளைவு. அதே காலத்தில் இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜில் கல்லெழுத்துக் கலைஞர் டேவிட் கிண்டர்ஸ்லி, சுதந்திரத்துக்கு ஒழுங்கு தேடினார். ஒவ்வோர் எழுத்தும் தன் இரு பக்கத்து எழுத்துகளுக்கும் நட்டநடுவில் நிற்பதாகத் தோன்ற வேண்டும் என்பது அவர் கொள்கை. அதற்காக எழுத்தின் பார்வை மையத்தைக் கணக்கிட்டுக் கண்டுபிடிக்கும் வழியைப் பல ஆண்டுகள் ஆராய்ந்து, 1976இல் நூலாக வெளியிட்டார். தானியங்கி இடைவெளியின் கருத்து இவ்வாறு மேசைக் கணினி அச்சுக்கு முன்பே பிறந்துவிட்டது. அதை நிறைவேற்ற எழுத்து வடிவம் முழுவதும் எண்களாகக் கிடைக்க வேண்டியிருந்தது.

அந்த எண்களைத் தந்தது வெளிக்கோட்டு எழுத்துரு. ஹாம்பர்க்கின் யூஆர்டபிள்யூ நிறுவனத்தில் பீட்டர் கரோவ் உருவாக்கிய இகாரஸ் என்ற அமைப்பு, எழுத்தின் விளிம்பை ஆயத்தொலைகளாகவும் வளைவுகளாகவும் பதிந்தது. 1975இல் வார்சாவில் நடந்த அனைத்துலக எழுத்துக்கலை மாநாட்டில் அது அறிமுகமானது. 1977இல் தம் நூலின் புதிய பதிப்புக்கு வந்த மெய்ப்பின் தரம் கண்டு வருந்திய அமெரிக்கக் கணினி அறிஞர் டொனால்டு நூத், டெக் என்ற அச்சுக்கோப்பு மென்பொருளையும் மெட்டாஃபான்ட் என்ற எழுத்துரு மொழியையும் எழுதினார். மெட்டாஃபான்ட் பேனாவின் பாதையை விவரிப்பதால், அளவுக்கேற்ப எழுத்தின் அகலம், தடிப்பு, இடைவெளி எல்லாவற்றையும் மாற்ற முடிந்தது. அதில் வரையப்பட்ட கம்ப்யூட்டர் மாடர்ன் குடும்பத்தில் 5 பாயின்டுக்கும் 10 பாயின்டுக்கும் 17 பாயின்டுக்கும் வெவ்வேறு எழுத்துகள் உண்டு. தொழில்துறை அந்த வழியில் போகவில்லை. 1982இல் தொடங்கிய அடோபி நிறுவனம், 1984இல் வந்த தன் போஸ்ட்ஸ்கிரிப்ட் மொழியில், சிட்ரோயன், ரெனோ கார் நிறுவனங்களில் டி காஸ்டெல்ஜோவும் பெசியேவும் வளர்த்த வளைவுக் கணிதத்தைக் கொண்டு எழுத்தின் விளிம்பை விவரித்தது. 1985இல் ஆப்பிளின் லேசர்ரைட்டர் அச்சுப்பொறியும் ஆல்டஸ் நிறுவனத்தின் பேஜ்மேக்கரும் சேர்ந்து வந்தபோது, ஒரு வரைபடம் 4 பாயின்டிலிருந்து 400 பாயின்ட் வரை போகலாம் என்பது எல்லோர் மேசையிலும் நடைமுறையானது. ஈயக் காலத்தின் அளவுவாரி அறிவு அந்த நாளில் எழுத்துருக் கோப்பிலிருந்து வெளியேறியது.

முதல் சிக்கல் துல்லியத்தில் எழுந்தது. டைப் 1 எனப்படும் அடோபியின் போஸ்ட்ஸ்கிரிப்ட் எழுத்துரு தன் சதுரத்தை 1000 அலகுகளாகப் பிரிக்கிறது. 10 பாயின்ட் எழுத்தை, அங்குலத்துக்கு 72 புள்ளிகள் கொண்ட (72 டிபிஐ) திரையில் காட்டினால் அந்த 1000 அலகுகளும் வெறும் 10 படப்புள்ளிகளுக்குள் அடங்க வேண்டும். ஒரு படப்புள்ளிக்கு 100 அலகு. வடிவமைத்தவர் கவனமாகக் கொடுத்த 20 அலகுத் திருத்தம் அங்கே முற்றிலும் மறைந்துபோகும். 300 டிபிஐ லேசர் அச்சில் ஒரு படப்புள்ளி 24 அலகுக்குச் சமம். அங்கும் இடைவெளிகள் ஏறக்குறையத்தான் விழும். 2540 டிபிஐ பட அச்சுப்பொறியில்தான் அது 3 அலகுக்கும் கீழே வந்து, வரைந்தவர் நினைத்த இடைவெளி காகிதத்தில் கிடைக்கிறது. வளைவுகளைப் படப்புள்ளிக் கட்டத்தோடு பொருத்தும் வழிகாட்டுக் குறிப்புகள் எழுத்தின் உருவத்தைக் காப்பாற்றின. ஆனால் எழுத்தகலம் முழுப் படப்புள்ளிகளுக்கு உருட்டப்பட்ட இடங்களில் இடைவெளி சிதறியது. தொடக்கக் கால மேசை அச்சில் வரிக்கு வரி தெரிந்த ஏற்றத்தாழ்வுக்கு எழுத்துருவை வரைந்தவரைக் குறை சொல்ல முடியாது. திரையும் அச்சுப்பொறியும் கூர்மையடைந்ததும் இந்தச் சிக்கலின் பெரும்பகுதி தீர்ந்தது. இயந்திரம் நன்றாகச் செய்யும் வேலைக்கு இது நல்ல சான்று: கொடுத்த எண்ணைச் சிதைக்காமல் கொண்டுசேர்ப்பது.

அந்த எண்கள் எங்கிருந்து வருகின்றன என்பது இன்னும் முக்கியமான செய்தி. வெளிக்கோட்டு எழுத்துருவில் ஒவ்வோர் எழுத்துக்கும் ஒரு மொத்த அகலம் உண்டு. எழுத்தின் இரு பக்கத்திலும் விடப்படும் ஓரம் அதற்குள் அடங்கும். இந்த ஓரங்கள் பெரும்பாலான சேர்க்கைகளைச் சமாளித்துவிடும். சாய்கோடுகளால் ஆன ரோமன் பெரிய எழுத்துகள் ஏ, வி இரண்டும் பக்கத்தில் வந்தால் மட்டும் நடுவில் பள்ளம் விழும். அத்தகைய இணைகளுக்குத் தனித் திருத்தம் தருவதே கெர்னிங். 200 வடிவங்கள் உள்ள எழுத்துருவில் 40,000 இணைகள் சாத்தியம்; அனைத்தையும் கையால் பார்க்க முடியாது என்பதால் முக்கியமான சில நூறு இணைகள் மட்டுமே பட்டியலில் இடம்பெற்றன. 1989இல் ஆப்பிளும் மைக்ரோசாஃப்டும் அடோபிக்கு எதிராக ட்ரூடைப் என்ற எழுத்துரு முறையை முன்வைத்தன. அடோபி 1990இல் டைப் 1 விதிகளை வெளியிட்டது. 1996இல் அறிவிக்கப்பட்ட ஓப்பன்டைப் போட்டியை முடித்துவைத்தது. இந்தப் போட்டியில் வளைவுக் கணிதத்தைப் பற்றித்தான் அதிகம் பேசினார்கள். வாசகருக்கு நிலைத்த பயனைத் தந்ததோ, ஒரே விளிம்புள்ள எழுத்துகளைக் குழுவாகச் சேர்த்துத் திருத்தும் ஓப்பன்டைப்பின் ஏற்பாடுதான். வரைந்தவர் ஒருமுறை எடுத்த முடிவு ஆயிரக்கணக்கான இணைகளுக்கு அதனால் பரவியது.

இனி, இயந்திரமே தீர்ப்புச் சொல்லும் வழியைப் பார்ப்போம். ஜெர்மானிய எழுத்துக் கலைஞர் ஹெர்மன் சாஃப், கரோவின் குழுவோடு சேர்ந்து 1980களின் இறுதியிலும் 1990களின் தொடக்கத்திலும் எச்இசட் நிரலை உருவாக்கினார். கூட்டன்பர்க் தம் விவிலியத்தில் சற்றே அகலம் மாறும் பல எழுத்துகளையும் சுருக்கக் குறிகளையும் கொண்டு வரிகளைச் சமப்படுத்தியதை, கணினியில் திரும்பக் கொண்டுவருவது சாஃபின் நோக்கம். கெர்னிங், எழுத்தகலத்தைக் கண்ணுக்குத் தெரியாத அளவு மாற்றுதல், ஓர நிறுத்தக்குறிகளை வெளியே தள்ளுதல், பத்தியை முழுதாகப் பார்த்து வரி பிரித்தல் எல்லாம் அதில் இருந்தன. 1999இல் வந்த இன்டிசைனின் முதல் பதிப்பு இந்தச் சிந்தனைகளைப் பொதுச்சந்தைக்குக் கொண்டுவந்தது. ஆப்டிகல் கெர்னிங்கின் அடிப்படை எளிமையானது. எழுத்தின் விளிம்பு எண்களாகக் கையில் இருப்பதால், ஓர் எழுத்தின் வலப்புறத்துக்கும் அடுத்ததன் இடப்புறத்துக்கும் நடுவில் உள்ள வெள்ளையைக் கணக்கிட முடியும். எல்லா இணைகளிலும் அது ஏறத்தாழச் சமமாகும் வரை எழுத்துகளை நகர்த்தலாம். இரண்டு எழுத்துருக்கள் கலந்துவரும் தலைப்பிலும், கெர்னிங் பட்டியலே இல்லாத மலிவான எழுத்துருவிலும் இது உண்மையிலேயே உதவுகிறது.

சமப் பரப்பு என்பது சமத் தோற்றம் ஆகிவிடாது என்பதுதான் இங்கே தடை. எழுத்துக்கு வெளியே உள்ள வெள்ளையைக் கண் தனியாக அளப்பதில்லை. எழுத்தின் வயிற்றுக்குள் உள்ள வெள்ளையோடு ஒப்பிட்டே உணர்கிறது. பிரிட்டிஷ் எழுத்துரு வடிவமைப்பாளர் வால்டர் ட்ரேசி 1986இல் வெளியிட்ட நூலில் இடைவெளிக்கு ஒரு முறையை வகுத்தார். நேர்கோட்டு எழுத்துக்கும் வட்ட எழுத்துக்கும் உரிய ஓரத்தை முதலில் சோதித்து உறுதி செய்துகொண்டு, மற்ற எழுத்துகளின் ஓரங்களை அவற்றிலிருந்து பெறுவது அந்த முறை. இவ்வளவு ஒழுங்காக விதி வகுத்தவரே, எஸ் போன்ற சில எழுத்துகளைக் கண்ணால் பார்த்துத்தான் வைக்க வேண்டும் என்று விலக்கி வைத்தார். அளவு மாறும்போது சிக்கல் இன்னும் கூடுகிறது. 8 பாயின்டில் சரியாகத் தெரியும் இடைவெளி 60 பாயின்டில் ஓட்டை விழுந்ததுபோல் இருக்கும். வரைந்தவர் எந்த அளவை மனத்தில் வைத்துத் தம் எண்களைக் கொடுத்தார் என்பது விளிம்பின் வடிவத்தில் எழுதப்பட்டிருக்கவில்லை. எனவே நல்ல எழுத்துருவில் ஆப்டிகல் கெர்னிங்கைப் போடுவது, வரைந்தவர் பல மாதம் பார்த்துச் செய்த தேர்வை ஒரு பொதுச் சூத்திரத்துக்கு விட்டுக்கொடுப்பதாகிறது.

"சாதாரண வாசகருக்கு இதெல்லாம் தெரியுமா?" என்பது முதல் மறுப்பு. தனித்தனி இடைவெளியை வாசகர் கவனிப்பதில்லை என்பது உண்மை. ஆனால் சொல்லின் எல்லை எங்கே, எழுத்தின் எல்லை எங்கே என்பதை அவர் கண் ஒவ்வொரு கணமும் இடைவெளியைக் கொண்டே பிரிக்கிறது. அது குழம்பினால் காரணம் தெரியாமலே வாசிப்பு தளரும். நேரமில்லை என்பது இரண்டாவது மறுப்பு: நாளிதழுக்கோ 300 பக்க நாவலுக்கோ கையால் இடைவெளி பார்க்க யாரால் முடியும்? இது நியாயமான கேள்வி. தானியக்கத்தைக் கைவிடும்படி இந்தக் கட்டுரையும் கேட்கவில்லை. தீர்ப்பு எழுத்துருவுக்குள் ஒருமுறை சரியாகப் பதிந்துவிட்டால், கோடி முறை நிறைவேற்றுவது இயந்திரத்தின் பொறுப்பு. வரி நிரப்புதலில் இந்தப் பங்கீடு அழகாக வேலை செய்திருக்கிறது. நூத்தும் மைக்கேல் பிளாசும் 1981இல் வெளியிட்ட வரிபிரிப்பு முறை, பத்தியின் எல்லா வரிகளையும் சேர்த்துப் பார்த்துச் சிறந்த பிரிப்பைத் தேடுகிறது. 2000ஆம் ஆண்டில் ஹான் தே தான் பிடிஎஃப்டெக் நிரலில் எழுத்தகலத்தைச் சுமார் 2 விழுக்காட்டுக்குள் மாற்றி, கண்ணை உறுத்தாமல் வரிகளைச் சமப்படுத்த முடியும் என்று காட்டினார். எது அழகு, எவ்வளவு மாற்றம் பொறுக்கலாம் என்பதை மனிதர் வரையறுத்தார். எண்ணற்ற சேர்க்கைகளைத் தேடிப் பார்த்தது இயந்திரம்.

இந்த வாதத்துக்குத் தமிழ் கடுமையான சோதனைக் களம். 'மரமொன்று' என்ற சொல்லில் ஒற்றைக்கொம்பு, மகரம், கால் ஆகிய மூன்றும் சேர்ந்து 'மொ' என்ற ஓர் எழுத்து. அதன் உறுப்புகளுக்கு நடுவில் உள்ள இடைவெளி, பக்கத்து எழுத்திலிருந்து அதைப் பிரிக்கும் இடைவெளியைவிடக் குறைவாக இருந்தால்தான் கொம்பு எதைச் சேர்ந்தது என்று கண் உடனே அறியும். காலும் ரகரமும் ஏறத்தாழ ஒரே உருவம் என்பதால் இந்த நெருக்கம் மேலும் தேவைப்படுகிறது. வடிவத்தை மட்டும் பார்க்கும் எந்தக் கணக்குக்கும் இந்த உறவு தெரியாது. டகரத்தை எடுத்துக்கொண்டால், அதன் அடிக்கோடு வலப்புறம் நீள்கிறது, மேலே முழுவதும் வெற்றிடம். பரப்பைச் சமப்படுத்தும் சூத்திரம் அடுத்த எழுத்தை அந்த வெற்றிடத்தை நோக்கி இழுக்கும். அடியில் அது டகரத்தின் கோட்டோடு மோதும். பழைய குறியாக்கங்கள் நிலைமையை மோசமாக்கின. இலங்கையிலும் புலம்பெயர்ந்தோரிடமும் பரவிய பாமினி எழுத்துருவும், 1999இல் தமிழ்நாடு அரசு ஏற்ற டாம், டாப் முறைகளும் எழுத்தின் துண்டுகளுக்கு எண் கொடுத்தவை. பேஜ்மேக்கரில் ட்ராக்கிங்கை, அதாவது ஒரு பகுதி முழுவதற்குமான எழுத்திடைவெளியை, கூட்டினால் கொம்பும் காலும் தனி எழுத்துகளாகவே விலகின. புள்ளியைத் தனி விசையில் வைத்த எழுத்துருக்களில் மெய்யின் தலையிலிருந்து புள்ளியே நகர்ந்தது. யூனிகோடும் ஓப்பன்டைப்பும் உயிர்மெய்யை ஒரு கொத்தாகக் காண வழி செய்தன. இணையப் பக்கங்களுக்கான சிஎஸ்எஸ் விதிகளும், எழுத்திடைவெளியை வாசகர் ஓர் எழுத்தாகக் காணும் அலகுகளுக்கு நடுவில்தான் சேர்க்க வேண்டும் என்கின்றன. ஆனால் பேஜ்மேக்கரின் கடைசிப் பதிப்பு வரை யூனிகோடு இல்லை. இன்டிசைனில் இந்திய மொழிகளுக்கான முறையான ஆதரவு 2012இன் சிஎஸ் 6 பதிப்பில்தான் வந்தது. தமிழ் மேசைக் கணினி அச்சு (டிடிபி) நிலையங்களின் வழக்கங்கள் உருவானது அதற்கு முந்தைய காலத்தில்.

அந்த வழக்கங்களில் மிகவும் தீங்கானது, ஒடுங்கிய பத்தியில் எழுத்தை இழுத்து வரியை நிரப்புவது. 'வந்துகொண்டிருந்தவர்களுக்கெல்லாம்' போன்ற நீண்ட சொற்கள் தமிழில் இயல்பு. அப்படி ஒரு சொல் அடுத்த வரிக்குப் போனால், முந்தைய வரியின் மூன்று சொற்களை இழுத்து அகலப்படுத்த நேர்கிறது. இன்டிசைன் தன் தொடக்க அமைப்பில் சொல்லிடைவெளியை 80 முதல் 133 விழுக்காடு வரை மாற்ற அனுமதிக்கிறது; எழுத்திடைவெளிக்கு அனுமதி பூஜ்யம். அந்தப் பூஜ்யத்தை நாம் மாற்றத் தேவையில்லை. தமிழில் சொல்லைப் பெரும்பாலும் எந்த முழு எழுத்தின் முடிவிலும் முறித்து அடுத்த வரிக்குக் கொண்டுபோகலாம் என்பது அச்சு மரபு. அடுத்த வரி மெய்யெழுத்தில் தொடங்காமல் பார்த்துக்கொண்டால் போதும். இந்த மரபை மென்பொருளுக்குக் கற்பித்தால், எழுத்தை இழுக்க வேண்டிய தேவையே எழாது.

இனி எல்லாவற்றையும் செயற்கை நுண்ணறிவு கற்றுக்கொள்ளும் என்பது மூன்றாவது மறுப்பு. நன்றாக இடைவெளி விடப்பட்ட ஆயிரம் எழுத்துருக்களைக் காட்டினால் அதுபோலச் செய்யும் ஒரு நிரலை உருவாக்க முடியும் என்பதை நானும் ஏற்கிறேன். அந்த நிரல் கற்பதும் மனிதரின் தீர்ப்புகளைத்தான். ரோமன் எழுத்துக்கு அத்தகைய தீர்ப்புகள் தலைமுறை தலைமுறையாகச் சேர்ந்திருக்கின்றன. தமிழில் மாதிரியாகக் காட்டத் தகுந்த எழுத்துருக்கள் குறைவு. குறையுள்ளவற்றிலிருந்து கற்கும் இயந்திரம் குறையையே பொதுவாக்கும். நம்பிக்கை தரும் மாற்றம் வேறு திசையிலிருந்து வந்திருக்கிறது. 2016இல், இகாரஸ் அறிமுகமான அதே வார்சா நகரில் கூடிய அதே மாநாட்டில், அடோபி, ஆப்பிள், கூகுள், மைக்ரோசாஃப்ட் நான்கும் சேர்ந்து மாறும் எழுத்துருக்களை அறிவித்தன. ஒரே கோப்பில் தடிப்பும் அகலமும் மட்டுமன்றி, அளவுக்கேற்ற வடிவமும் இடைவெளியும் மாற்றக்கூடிய ஒரு பரிமாணமாக அமையலாம். சிறிய அளவுக்கு ஒரு தீர்ப்பு, பெரிய அளவுக்கு ஒரு தீர்ப்பு என்று வரைந்தவர் இரண்டையும் கொடுத்தால், நடுவில் உள்ளவற்றை இயந்திரம் கணக்கிட்டுக்கொள்ளும். 1985இல் இழந்ததை முறையாகத் திரும்பப் பெறும் வழி இது.

ஆகவே செய்ய வேண்டியவை தெளிவாக இருக்கின்றன. தமிழ் எழுத்துரு வரைபவர்கள் எழுத்தின் உருவத்துக்குச் செலவிடும் காலத்தை இடைவெளிக்கும் ஒதுக்க வேண்டும். பாட எழுத்துக்கும் தலைப்பு எழுத்துக்கும் தனித்தனி அளவுகளைத் தர வேண்டும். மென்பொருள் செய்பவர்கள் ட்ராக்கிங், கெர்னிங், வரி நிரப்புதல் ஆகிய மூன்றிலும் உயிர்மெய்யைப் பிரிக்க முடியாத ஒன்றாக நடத்த வேண்டும். பக்கம் அமைப்பவர்கள் பாட எழுத்துக்கு மெட்ரிக்ஸை வைத்துக்கொண்டு, ஆப்டிகல் வசதியைக் கலப்பு எழுத்துருத் தலைப்புகளுக்கும் அளவுகள் சரியில்லாத எழுத்துருக்களுக்கும் ஒதுக்கலாம். அதன் விளைவை அச்செடுத்துப் பார்த்த பிறகே ஏற்க வேண்டும். பதிப்பாளர்கள் எழுத்துரு வாங்கும்போது அழகைப் பார்ப்பதோடு, 9 பாயின்டில் ஒரு முழுப் பக்கம் அச்சிட்டுப் பார்க்கட்டும். இடைவெளியை எத்தனை முறை வேண்டுமானாலும் இயந்திரம் நிறைவேற்றித் தரும். அது எவ்வளவு இருக்க வேண்டும் என்பதைத் தமிழ் வாசிக்கும் கண்தான் சொல்ல வேண்டும்.